மொழிபெயர்க்கும் மென்பொருள்: கட்டற்ற இயங்குதளத்தில் கணிப்பொறி விளையாட்டு

யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் தோன்றிய வரலாற்றில் ஒரு விளையாட்டுக்கும் இடமுண்டு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கென் தாம்சன், ஞாயிற்றுக் குடும்பத்துக் கோள்களுக்கிடையே விண்கலம் ஒன்றைச் செலுத்தி இறக்கும் 'ஸ்பேஸ் டிராவல்' என்ற விளையாட்டை எழுதினார். பெரிய கணிப்பொறியில் அதனை ஒருமுறை ஆடி முடிக்க ஏறத்தாழ 75 டாலர் பெறுமான கணிப்பொறி நேரம் செலவாயிற்று என்று அவருடன் பணியாற்றிய டென்னிஸ் ரிச்சி பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஆகவே, அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்ற சிறிய கணிப்பொறிக்கு அவ்விருவரும் அவ்விளையாட்டை மாற்றி அமைத்தனர். அந்தப் பொறிக்கு நிரல் எழுதிப் பெற்ற பழக்கமே, அதே பொறியில் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதுவதற்கும் துணை நின்றது.

அவ்வாறு பிறந்த யூனிக்ஸின் வழியில் வந்த லினக்ஸ், பின்னாளில் "விளையாட்டுக்கு உதவாத தளம்" என்று பெயரெடுத்தது வியப்புக்குரியதே. அப்பெயர் எவ்வாறு வந்தது, இப்போது எவ்வாறு மறைந்து வருகிறது, மறைவதற்குக் கொடுக்கப்படும் விலை யாது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறையினர் வெளியிடும் மலரில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று வினவுவாரும் உளராகலாம். இம்மாற்றத்தின் நடுவே நிற்பது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச நமக்கும் சிறிது உரிமையுண்டு என்பதே அவர்களுக்கு விடை.

கட்டற்றது வேறு, விலையற்றது வேறு

முதலில் சொல்லாட்சி ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸைப் போன்று இயங்குவதும், எவரும் அதனை இயக்கவும், மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவதுமாகிய ஓர் இயங்குதளத்தை ஆக்குவதே அதன் குறிக்கோள். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டில் அது க்னூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. இவ்விரண்டும் இணைந்ததே இன்று பொதுவாக லினக்ஸ் என்று வழங்கப்பெறுகிறது.

இவ்வுரிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 'இலவசம்' என்னும் பொருளையும் தருவது. அதனால் ஸ்டால்மன் மேடைதோறும் அவ்விரு பொருள்களையும் பிரித்துக் காட்ட வேண்டியவரானார். தமிழுக்கு அவ்விடர் இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்ற தொடரைக் கேட்போர் எவரும் விலையை நினைப்பதில்லை. இவ்வேறுபாடு நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஏனெனில், லினக்ஸில் இன்று ஆடப்பெறும் பெருவிளையாட்டுகளுள் மிகப் பல, விலைக்கு வாங்கப்படுவன, மூலநிரல் மறைக்கப்பட்டன. தளம் கட்டற்றது, அதன்மேல் ஏறி ஆடும் விளையாட்டோ கட்டுடையது.

கட்டற்ற விளையாட்டுகளே இல்லையோ எனின், உண்டு. 1987இல் வெளிவந்த 'நெட்ஹேக்', டென்மார்க்கு மாணவர்கள் 1996இல் வெளியிட்ட 'ஃப்ரீசிவ்', 2003இல் தொடங்கிய 'வெஸ்னாத்' ஆகியவை தன்னார்வலர் கூடி வளர்த்தவை. நெடுநாள் நிலைத்தவையும் ஆகும். ஆயினும், நூற்றுக்கணக்கான ஓவியரும் இசைஞரும் ஊதியம் பெற்றுப் பல ஆண்டுகள் உழைத்து ஆக்கும் வணிக விளையாட்டுகளோடு இவை தோற்றப் பொலிவில் போட்டியிட இயலவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

வாயில் அடைபட்ட காலம்

தொடக்கத்தில் நிலைமை அத்துணை மோசமாக இல்லை. 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'டூம்' என்ற புகழ்பெற்ற விளையாட்டு, மறு ஆண்டிலேயே லினக்ஸுக்கு வந்துவிட்டது. அந்நிறுவனத்து நிரலர் டேவ் டெய்லர் அதனைப் பெயர்த்தமைத்தார். 1997 டிசம்பரில் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டபோது, வெளிவந்தது இந்த லினக்ஸ் வடிவமே. மூலநிரல் பின்னர்ப் பொது உரிமத்தின்கீழும் வந்தது. ஓவியங்கள், ஒலிகள், ஆட்டக்களங்கள் ஆகியவை மட்டும் நிறுவனத்தின் உடைமையாகவே நின்றன. நிரலுக்கும் கலைக்கும் இடையே அன்று விழுந்த இந்தக் கோட்டைப் பின்னும் ஓரிடத்தில் நினைவுகூர வேண்டியிருக்கும்.

1998இல் ஸ்காட் டிரேக்கர் என்பவர் கலிபோர்னியாவில் லோகி சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விண்டோஸுக்கு எழுதப்பட்ட விளையாட்டுகளை உரிமம் பெற்று லினக்ஸுக்குப் பெயர்த்தமைத்து விற்பதே அதன் தொழில். 1999இல் 'சிவிலிசேஷன்: கால் டு பவர்' முதலாவதாக வெளிவந்தது. விற்பனை போதவில்லை, 2002 ஜனவரியில் நிறுவனம் மூடப்பட்டது. விளையாட்டை விரும்பியவர் விண்டோஸ் பதிப்பை வெளிவந்த அன்றே வாங்கிவிடுவர். பல திங்கள் கழித்து வரும் லினக்ஸ் பதிப்புக்காகக் காத்திருப்பவர் சிலரே. இந்த இடைவெளியில்தான் லோகி வீழ்ந்தது என்று கருதுவது பொருந்தும். எனினும், அந்நிறுவனத்தின் தலைமை நிரலராயிருந்த சாம் லாண்டிங்கா எழுதிய 'எஸ்டிஎல்' என்னும் நிரல் நூலகம் இன்றும் எண்ணற்ற விளையாட்டுகளுக்கு அடிப்படையாய் விளங்குகிறது. கடை மூடப்பட்டது, கருவி நின்றது.

தடை சந்தையில் மட்டும் இல்லை. 1995இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'டைரக்ட்எக்ஸ்' என்ற கருவித்தொகுதியை விண்டோஸுக்கென்று வெளியிட்டது. படம் வரைதல், ஒலி எழுப்புதல் முதலிய அனைத்துக்கும் விளையாட்டு நிரலர் அதன் சொற்களையே பயன்படுத்தப் பழகினர். அச்சொற்கள் வேறு தளத்தில் வழங்காதவை. விண்டோஸ் மொழியில் எழுதப்பட்ட நூல் லினக்ஸ் நாட்டில் விளங்காமற் போனதற்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

ஒயின் என்னும் மொழிபெயர்ப்பாளர்

விளையாட்டை ஆக்கியோர் வாராவிடில், ஆக்கப்பட்ட விளையாட்டை மொழிபெயர்த்துக் கொள்வது என்பதே எஞ்சிய வழி. 1993இல் அம்முயற்சி தொடங்கியது. அம்மென்பொருளின் பெயர் 'ஒயின்'. பெயரைக் கேட்டு மருள வேண்டியதில்லை. அது ஓர் எழுத்துச் சுருக்கம். "ஒயின் ஈஸ் நாட் அன் எமுலேட்டர்" என்பது அதன் விரிவு. 'ஒயின் ஒரு போலச்செய்யும் மென்பொருள் அன்று' என்பது பொருள். விரிவுக்குள்ளும் அதே சுருக்கம் நிற்பது நிரலரின் குறும்பு. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் அதனை ஒருங்கிணைத்து வருகிறார். முதற்பதிப்பு என்று எண்ணிட்டு அதனை வெளியிடும் துணிவு அவர்களுக்கு 2008 ஜூனில்தான் வந்தது. இடையே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன.

பெயரிலேயே ஒன்றை மறுப்பானேன் என்பதை அறிய, நிரலின் உள்ளே சற்று நோக்க வேண்டும். ஒரு விளையாட்டு நிரலில் இருவகைக் கட்டளைகள் உள்ளன. கூட்டு, கழி, ஒப்பிடு, இவ்விடம் விட்டு அவ்விடம் தாவு என்பன முதல் வகை. இவை செயலிக்கு இடப்படுபவை. விண்டோஸ் ஏறிய பொறியிலும் லினக்ஸ் ஏறிய பொறியிலும் உள்ளது ஒரே குடும்பத்துச் செயலியாயின், இவற்றை மொழிபெயர்க்கும் தேவையே எழுவதில்லை. செயலி அவற்றை நேரே உணர்ந்துகொள்ளும். இரண்டாம் வகை, இயங்குதளத்தை நோக்கி விடுக்கும் வேண்டுகோள்கள். இந்தக் கோப்பைத் திறந்து கொடு, இவ்வளவு நினைவகம் ஒதுக்கு, சாளரம் ஒன்றை வரை, விசைப்பலகையில் எது அழுத்தப்பட்டது என்று சொல் என்பன அவை. இங்கேதான் மொழி மாறுகிறது.

வேறொரு பொறியைப் போலச்செய்யும் மென்பொருள், முதல்வகைக் கட்டளைகளையும் ஒன்றுவிடாமல் தானே நடித்துக் காட்டும். அதனால் வேகம் குன்றும். ஒயின் அவ்வாறு செய்வதில்லை. விண்டோஸில் இருக்கும் நிரல் நூலகங்களின் பெயரிலேயே தன்னுடைய நூலகங்களை அது வைத்துக்கொள்கிறது. விளையாட்டு, விண்டோஸை விளிப்பதாகக் கருதி ஒரு வேண்டுகோளை விடுக்கிறது. ஒயின் அதனைக் கேட்டு, லினக்ஸுக்கு விளங்கும் சொல்லில் மாற்றிச் சொல்லி, வந்த விடையை மீண்டும் விண்டோஸ் சொல்லில் திருப்பித் தருகிறது. அருகமர்ந்து காதோடு மொழிபெயர்த்துச் சொல்லும் இருமொழியாளரின் பணியே இது.

இதில் உள்ள இடர்கள் மொழிபெயர்ப்பாளர் நன்கறிந்தவை. கோப்பின் பெயரில் வரும் ஆங்கில எழுத்து பெரிதா சிறிதா என்பதை விண்டோஸ் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸ் கண்டிப்பாகப் பொருட்படுத்தும். எழுத்தில் பெரிது சிறிது என்ற வேறுபாடே இல்லாத தமிழுக்கு இத்தொல்லை புதிது. விளையாட்டு ஒரு பெயரைச் சிறிய எழுத்தில் கேட்கும். வட்டில் அது பெரிய எழுத்தில் இருக்கும். ஒயின் கோப்புறை முழுதும் தேடி, "இதைத்தான் கேட்கிறார்" என்று எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்னும் நுட்பமான இடர், விண்டோஸின் பிழைகள். ஆவணத்தில் சொல்லியபடி நடவாத கட்டளைகள் விண்டோஸில் உள்ளன. அப்பிழையையே நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகளும் உள்ளன. மொழிபெயர்ப்பில் பிழையைத் திருத்திவிட்டால் விளையாட்டு ஓடாது. எனவே பிழையையும் பிழையாமல் பெயர்க்க வேண்டும். நம் இலக்கண நூலார் வழுவமைதி என்று கூறுவதன் மறுவடிவம் இது என்று சொல்லத் தோன்றுகிறது; வழுவே எனினும் வழங்கிவிட்டமையால் அமைத்துக்கொள்ளப்படுகிறது.

மொழிபெயர்ப்பையும் வழிநூலின் வகைகளுள் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். அக்கணக்கில் ஒயின் ஒரு வழிநூல். ஆனால் வியப்பு என்னவெனில், இவ்வழிநூலை எழுதுவோர் முதனூலைப் பார்க்கவே கூடாது. விண்டோஸின் மூலநிரல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உடைமை. அதனைக் கண்டவர் ஒயினுக்கு எழுதுவதை அத்திட்டத்தினர் ஏற்பதில்லை. வெளியே நின்று, இந்த வினாவுக்கு விண்டோஸ் எந்த விடை தருகிறது என்று ஆயிரக்கணக்கான சோதனைகளால் அறிந்து, அதே விடை தரும் நிரலைத் தாமாக எழுதுகின்றனர். கதவு திறவா வீட்டினரின் பேச்சைச் சுவரருகே நின்று கேட்டு இலக்கணம் எழுதுவது போன்றது இது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்பணி தொடர்கிறது என்பதை எண்ணும்போது மதிப்புத் தோன்றாமல் இராது.

உரிமம் பற்றியும் ஒரு சொல். ஒயின் முதலில், எவரும் எடுத்து மூடிய நிரலாக்கி விற்கவும் இடந்தரும் தளர்ந்த உரிமத்தில் இருந்தது. அதனை எடுத்து விளையாட்டுக்கெனத் திருத்தி விற்ற நிறுவனம் உண்டு. அத்திருத்தங்கள் பொதுத் திட்டத்துக்கு முழுமையாகத் திரும்பி வரவில்லை. 2002ஆம் ஆண்டில் ஒயின் திட்டத்தினர், திருத்தியவர் திருத்தத்தையும் வெளியிட வேண்டும் என்னும் குறு பொது உரிமத்துக்கு மாறினர். இன்று பெரிய வணிக நிறுவனம் ஒன்று ஒயினில் பணத்தைக் கொட்டும்போதும் அதன் பயன் எல்லாருக்கும் கிடைப்பதற்கு அன்றைய முடிவு ஒரு காரணம்.

படமும் பொழுதும்

கோப்பும் சாளரமும் பெயர்ந்துவிட்டன. ஆயினும் விளையாட்டின் உயிர் படத்தில் உள்ளது. விநாடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடியே. அதற்குள் விளையாட்டு இடும் ஆயிரக்கணக்கான வரைகலைக் கட்டளைகள் அனைத்தும் மொழிபெயர்ந்தாக வேண்டும். ஒயின் நெடுங்காலம் டைரக்ட்3டி கட்டளைகளை ஓப்பன்ஜிஎல் என்ற பழைய பொதுமொழியில் பெயர்த்து வந்தது. இரண்டின் இலக்கணமும் வெகுவாக வேறுபட்டமையால் பெயர்ப்பு மந்தமாகவே இருந்தது.

2016 பிப்ரவரியில் 'வல்கன்' என்ற புதிய வரைகலை மொழி வெளிவந்தது. எந்த நிறுவனத்துக்கும் தனியுடைமையாகாத பொதுத்தரம் அது. வரைகலை அட்டையின் இயல்புக்கு மிக நெருங்கியது. பிலிப் ரெபோல் என்ற செருமானிய நிரலர், 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற விளையாட்டை லினக்ஸில் ஆட விரும்பினார். அதற்காக டைரக்ட்3டி 11ஐ வல்கனில் பெயர்க்கும் 'டிஎக்ஸ்விகே' என்னும் மென்பொருளை எழுதலானார். ஒரு விளையாட்டை ஆடும் ஆசையிலிருந்து இத்துறையின் திருப்புமுனை தோன்றியது. கென் தாம்சனின் கதை இங்கே நினைவுக்கு வருவது இயல்பே.

திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணிக்க, 'ஷேடர்' எனப்படும் சிறு நிரல்கள் விளையாட்டோடு வருகின்றன. டிஎக்ஸ்விகே அவற்றை வல்கனுக்குரிய வடிவில் பெயர்க்கிறது; பின்னர் அட்டையின் இயக்கி, அதனை அட்டைக்குரிய சொந்த மொழியில் மீண்டும் பெயர்க்கிறது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருமுறை பெயர்ப்பு நிகழ்வதால், ஒரு காட்சி முதன்முறை தோன்றும்போது படம் சற்றுத் திக்கி நிற்பதுண்டு. ஒருமுறை பெயர்த்ததைச் சேமித்து வைத்துக்கொண்டால் மறுமுறை அத்திக்கல் இல்லை. இதற்கெனவே முன்கூட்டிப் பெயர்த்த சேமிப்புகளைப் பயனருக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடும் வந்துள்ளது.

இதனினும் சுவையானது காத்திருத்தல் பற்றிய செய்தி. "இப்பொருள்களுள் ஏதேனும் ஒன்று ஆயத்தமாகும்வரை காத்திரு" என்னும் கட்டளை விண்டோஸில் உண்டு. விளையாட்டுகள் அதனை அடிக்கடி இடுகின்றன. அதற்கு நேரான சொல் லினக்ஸில் இல்லை. ஒயின் தன் நடுவர் நிரல் ஒன்றைக் கொண்டு சுற்றி வளைத்து அப்பொருளை உணர்த்தி வந்தது, காலம் விரயமாயிற்று. 2022 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 5.16இல், இத்தேவையை முன்னிட்டுக் கருநிரலிலேயே புதிய கட்டளை ஒன்று சேர்க்கப்பட்டது. 2025 மார்ச்சில் வந்த 6.14இல், விண்டோஸின் காத்திருத்தல் முறையை நேரே தரும் 'என்டிசிங்க்' என்னும் பகுதி நிறைவு பெற்றது. மொழிபெயர்ப்பின் தேவையால் பெயர்க்கப்படும் மொழி புதுத்தொடர்களைப் பெறுவதை இலக்கிய வரலாற்றில் பலகாலும் காண்கிறோம். இங்கும் அது நிகழ்ந்துள்ளது.

வணிகர் வந்த காரணம்

இத்தனைக்கும் ஊதியம் தருவார் யார்? பெரும்பகுதி, 'ஸ்டீம்' என்னும் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம். அதன் தலைவர் கேப் நியூவெல், வெளிவரவிருந்த விண்டோஸ் 8 கணிப்பொறித் துறையினர் அனைவருக்கும் பெருங்கேடு என்று 2012 ஜூலையில் கூறினார். விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையைத் திறந்துவிட்ட நேரம் அது. பிறர் நிலத்தில் கடை வைத்திருப்பவர், நிலத்துக்கு உரியவரும் கடை திறக்கும்போது கொள்ளும் அச்சமே அப்பேச்சில் தொனித்தது. லினக்ஸ் அவருக்கு ஒரு தற்காப்பு.

2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015 நவம்பரில் 'ஸ்டீம் மெஷின்' என்ற பெயரில் வந்த லினக்ஸ் பொறிகள் விலைபோகவில்லை. ஆடுவதற்குரிய விளையாட்டுகள் அவற்றில் மிகச் சில. நிறுவனங்கள் லினக்ஸுக்கென்று எழுதித் தரும் என்று காத்திருந்தது பயன்தராதென்பதை உணர்ந்தபின், ஒயின், டிஎக்ஸ்விகே முதலியவற்றை ஒன்றுசேர்த்து 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' வெளியிடப்பட்டது. விளையாட்டை வாங்கி அழுத்தினால் போதும். மொழிபெயர்ப்பு நடப்பதே ஆடுபவருக்குத் தெரியாது. 2022 பிப்ரவரியில், 7 அங்குலத் திரையுடைய 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்கப் பொறி வந்தது. அதில் இயங்குவது ஆர்ச் லினக்ஸை அடியாகக் கொண்ட தளம். ஸ்டீம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது. விண்டோஸ் 10க்கான பொதுப் பேணுதல் முடிவுற்றதும் அதே திங்களில்தான். 3 விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். நெடுநாள் ஒரு விழுக்காட்டுக்கு அருகிலேயே கிடந்த பங்கு அது என்பதை நோக்க வேண்டும்.

இது அறச்செயலன்று, தந்நலம் கருதிய வணிகம். எனினும் அதன் விளைவாய் எழுதப்பட்ட நிரல் வெளிப்படையாய்க் கிடக்கிறது. வால்வ் நாளை மனம் மாறினாலும் அதனைத் திரும்பப் பெற இயலாது.

காவலரும் திறவுகோலும்

மொழிபெயர்ப்பு எட்டாத இடம் ஒன்று உண்டு. பலர் இணையத்தில் கூடி ஆடும் விளையாட்டுகளில் சிலர் கள்ள நிரல் கொண்டு வெல்ல முயல்வர். அதனைத் தடுக்க ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் வந்தன. அவற்றுள் கடுமையானவை விண்டோஸின் கருநிரலுக்குள்ளேயே அமர்ந்து, பொறியில் நடப்பதனைத்தையும் நோக்குகின்றன. ஒயின் பெயர்ப்பது மேல்தளத்தில் நிற்கும் நிரல்களின் பேச்சை மட்டுமே. கருநிரலுக்குள் புகும் ஒன்றை அது பெயர்க்க இயலாது. லினக்ஸின் உட்கரு வேறு அமைப்புடையது.

2021இல் 'ஈஸி ஆன்டி-சீட்', 'பேட்டில்ஐ' என்ற இரண்டு தடுப்பு மென்பொருள்கள் புரோட்டானுக்கு இடந்தந்தன; ஆனால் அவ்விடத்தைத் திறப்பதும் மூடுவதும் அந்தந்த விளையாட்டு நிறுவனத்தின் விருப்பம். சிலர் திறந்தனர். சிலர் திறக்க மறுத்தனர். திறந்து பின் மூடியவரும் உளர்: 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பயனரை முற்றாக விலக்கியது. லினக்ஸின் திறந்த இயல்பே ஏமாற்றுவோர்க்கு வாய்ப்பாகிறது என்பது அந்நிறுவனம் கூறிய காரணம். ஒயின் வழியே நெடுநாள் ஆடப்பெற்று வந்த 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டும், அதே ஆண்டில் கருநிரல்வகைத் தடுப்பைக் கட்டாயமாக்கியதால் லினக்ஸில் நின்றுபோயிற்று.

இங்கு இருபக்க நியாயமும் உண்டு. நடுவர் இல்லாத ஆட்டம் ஆட்டமாகாது; நேர்மையாக ஆடுவோர்க்கு அது அநீதி. ஆனால் நடுவர், ஆடுகளத்தோடு நில்லாமல், ஆடுவோர் வீட்டின் எல்லா அறைகளுக்கும் திறவுகோல் கேட்கிறார். கருநிரலுக்குள் அமரும் ஒரு நிரல் தவறினால் என்ன நேரும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதுற்ற புதுப்பிப்பு ஒன்றால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் பொறிகள் செயலிழந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. அது விளையாட்டு நிரலன்று, பாதுகாப்பு நிரல். ஆனால் அமர்ந்திருந்த இடம் ஒன்றே. ஓர் ஆட்டத்துக்காக அவ்விடத்தை அயலாருக்குக் கொடுப்பது அதிக விலை என்பதே என் கருத்து. தன் பொறியில் என்ன இயங்குகிறது என்பதை அறியும் உரிமைக்காகவே லினக்ஸுக்கு வந்தவர், அவ்வுரிமையைக் கழற்றி வைத்தால்தான் ஆடலாம் என்ற நிலையை ஏற்பதற்கில்லை.

மூலமொழி யாருடையது?

கட்டற்ற இயக்கத்தினருக்குள்ளேயே இப்பொருளில் கருத்து வேற்றுமை உண்டு. ஸ்டீம் லினக்ஸுக்கு வரவிருந்த 2012ஆம் ஆண்டில் ஸ்டால்மன் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூலநிரல் மறைத்த விளையாட்டு அறமன்று என்ற தம் கொள்கையை அவர் விடவில்லை. விளையாட்டின் ஓவியமும் இசையும் நிரலல்லவாதலால் அவற்றை வேறாக வைத்தார். டூம் கதையில் கண்ட கோடு இதுவே. பலர் விண்டோஸை விட்டு வரக்கூடும் என்பதால் நேர்விளைவு தீமையினும் நன்மையாகவே இருக்கலாம் என ஊகித்தார். ஆனால், இத்தகைய விளையாட்டுகளை முன்வைத்து மக்களை அழைத்தால், வருபவர் உரிமையை அன்றி ஆட்டத்தையே குறிக்கோளாகக் கொள்வர் என்று எச்சரிக்கவும் செய்தார். பின்வந்த ஆண்டுகள் அவருடைய ஊகம், எச்சரிக்கை ஆகிய இரண்டையும் மெய்யாக்கியுள்ளன என்றே கூறத் தோன்றுகிறது.

இன்னொரு முரணும் நோக்கத்தக்கது. புரோட்டான் நன்கு பெயர்ப்பதால், லினக்ஸுக்கென்று தனியே எழுதும் தேவை நிறுவனங்களுக்குக் குறைந்துவிட்டது. லோகி நிறுவனம் பாடுபட்டு ஆக்கிய நேர்ப்பதிப்புகள், அடியிலிருந்த நிரல் நூலகங்கள் மாறிவிட்டமையால், இன்றைய லினக்ஸில் எளிதில் ஓடுவதில்லை. அவ்விளையாட்டுகளின் விண்டோஸ் பதிப்போ ஒயின் வழியே ஓடிவிடுவதுண்டு. லினக்ஸில் நிலையான மொழி விண்டோஸின் மொழிதான் என்று நிரலர் தமக்குள் நகையாடுவர். நகைக்குள் கசப்பும் இருக்கிறது: இலக்கணத்தை வகுப்பவர் இன்னும் மைக்ரோசாஃப்டாகவே இருக்கிறார்; டைரக்ட்எக்ஸில் புதிய சொல் ஒன்று சேரும்போதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் பின்னே ஓட வேண்டும்.

ஆயினும் மறுபக்கம் ஒன்றுண்டு. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் விளையாட்டுகள், 64 பிட் விண்டோஸில் இயங்குவதில்லை. தாய்வீடே அவற்றைக் கைவிட்டது. ஒயின் அவற்றுள் பலவற்றை 64 பிட் லினக்ஸில் இன்றும் இயக்குகிறது. வடமொழியில் மூலம் மறைந்துவிட்ட பௌத்த நூல்கள் பல, திபெத்திய, சீன மொழிபெயர்ப்புகளில் மட்டுமே வாழ்வதை இலக்கிய மாணவர் அறிவர். மூலமொழியின் நாட்டில் இடமிழந்த பனுவலைப் பெயர்த்த நாடு காத்து வைப்பது கணிப்பொறி உலகிலும் நிகழ்கிறது.

இவற்றைத் தாமே சோதித்தறிய விரும்பும் மாணவர், பொறியில் உள்ளதை அழிக்க வேண்டியதில்லை. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களைப் பென்டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமலே இயக்கிப் பார்க்கலாம். முதலில் 'வெஸ்னாத்' விளையாட்டை நிறுவுக. அதன் மூலநிரலும் கிடைக்கும், திறந்து படிக்கலாம். விண்டோஸ் விளையாட்டு ஒன்றை விலைகொடுத்து வாங்க எண்ணுவோர், வாங்குமுன் 'புரோட்டான்டிபி' என்ற தொகுப்பில் அதன் பெயரைத் தேடுதல் வேண்டும். அங்கே பயனர்கள், இன்ன அட்டையில் இன்ன பதிப்பில் ஓடிற்று, ஓடவில்லை என்று தாம் கண்டதை எழுதி வைத்துள்ளனர். பலர் கூடி ஆடும் விளையாட்டாயின், தடுப்பு மென்பொருள் யாது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்வது பணத்தைக் காக்கும்.